நனையாத விரிப்பு

"கர்த்தர் என்னைப் புடம் போட்டார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மருமகள். கூடத்தில் ஜெபக்குழுப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"மாமியார் படுக்கையில விழுந்து ஒரு வருஷம். தினம் நாலு விரிப்பு. துவைச்சுத் துவைச்சு என் இடுப்பே விட்டுப்போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஜெபிச்சேன். இப்ப மூணு வாரமா ஒரு தடவைகூட படுக்கை நனையல."

"உங்க அன்புக்குக் கிடைச்ச பதில். பொன் சுத்தமாயிடுச்சு," என்றார் குழுத்தலைவி.

மருமகள் அடக்கமாகத் தலைகுனிந்தாள். அந்தக் குனிவைக் காலையிலேயே கண்ணாடியில் சரிபார்த்து வைத்திருந்தாள்.

உள்ளறையில் மாமியாரின் படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வந்திருந்தாள். அவளுக்குக் காபி கொண்டுபோன மருமகள் கதவருகே நின்றுவிட்டாள்.

"தலையணை உறைக்குள்ள இத்தனை வலி மாத்திரையா? போடவே இல்லையாம்மா? உயிர் போற வலியாச்சே."

"வாயில போட்டுக்கிட்டு, அவ திரும்பினதும் எடுத்துடுவேன். முழுங்கினா அசந்து தூங்கிடறேன், படுக்கை நனைஞ்சுடுது. முழிச்சிருந்தா பெட்பேனை நானே இழுத்து வெச்சுப்பேன். பாவம், அவ இடுப்பு தாங்காது."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"இதை உங்க மருமககிட்ட சொல்லியே ஆகணும்."

மாமியார் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. இப்பத்தான் எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லியிருக்கா. அது பொய்யாயிடக் கூடாது."

கூடத்திலிருந்து தலைவி கூப்பிட்டார். "வாங்கம்மா, முடிவு ஜெபம் நீங்கதான்."

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போவது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது? மருமகள் காபியோடு கதவருகிலேயே நின்றாள். இந்த முறை தலை தானாகவே குனிந்திருந்தது.