இன்டாய் என்று எழுதிய சீட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாலே நாலு சீட்டில் முடிந்துபோன ஒரு கதை சொல்கிறேன்.

முதல் சீட்டைத் தொகுப்பாளர் பிரித்துத் தூக்கிக் காட்டியபோது நெஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"லூமிங்."

சோனாவின் கையெழுத்து. காலையில் பேசிவைத்தபடியே நடக்கிறது.

டிவிப் போட்டிக்காகத் தீவுக்கு வந்து அன்றோடு முப்பத்து மூன்று நாள். இருபது பேரில் மிச்சம் நாலு பேர். யாரை அனுப்புவது என்று ஆளுக்கொரு பேர் எழுதிப் போட வேண்டும். அதிகச் சீட்டு விழுகிறவர் சாயங்காலமே படகேற வேண்டும். மீதி மூவரில் ஒருவருக்கு வீடு. காங்கிரீட் கூரை போட்ட வீடு.

நெஸ்டரின் மனைவியும் பிள்ளைகளும் சொந்த ஊரான லெய்தேயில் ஒரு நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். கூரையைப் புயல் கொண்டுபோய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

லூமிங்கின் கூரையையும் அதே புயல்தான் கொண்டுபோனது. தகரம் பறக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று முதல் நாள் அவன் சொல்லத் தொடங்க, அவள் சொல்லி முடித்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பக்கம். அவளுக்கு அவன் டோடோங். அவனுக்கு அவள் இன்டாய். தம்பி, தங்கச்சி என்கிற மாதிரி.

மணிலாக்காரி சோனாவுக்கு அது வேடிக்கை.

"எங்க வீட்டுல சமையல்காரியத்தான் இன்டாய்னு கூப்பிடுவோம்," என்று ஒருநாள் சிரித்தாள்.

"அப்போ என் சம்பளத்த எடுத்து வைங்க, அம்மணி," என்றாள் லூமிங், மீனைத் திருப்பிப் போட்டபடி.

அந்தச் சோனாதான் இன்று காலை மரவள்ளி தோண்டும்போது நெஸ்டரின் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஜெயிச்சது யாருன்னு சொல்லப்போறது வெளிய போனவங்கதான், அண்ணே. அவங்க பூராப் பேருக்கும் லூமிங்கப் பிடிக்கும். கடைசி வரைக்கும் அவளக் கூட்டிட்டுப் போனா வீடு அவளுக்குத்தான். நீ, நான், வில்மர், மூணு பேரும் அவ பேர எழுதிடுவோம்."

நெஸ்டர் புருவத்தை மட்டும் உயர்த்தினான். எங்கள் பக்கத்தில் அதற்குச் சரி என்று பொருள். வாயால் சொல்லவில்லையே என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

மத்தியானம் லூமிங் ஒரு நண்டைப் பிட்டு, பெரிய பாதியை அவனிடம் தந்தாள்.

"சாயங்காலம் வில்மர் பேரு. மறந்துடாத."

அதற்கும் புருவத்தை உயர்த்தினான். நண்டைத் தின்றான்.

இரண்டாவது சீட்டு.

"நெஸ்டர்."

கோணல் எழுத்து, வில்மர்தான். பாவி, பேசியது என்ன, செய்தது என்ன. சோனாவைப் பார்த்தான். அவள் தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரோகி என்று பல்லைக் கடித்தான். கொஞ்சம் கழித்துத்தான் அந்த வார்த்தை தன்மேலேயே வந்து விழுந்தது.

இருக்கட்டும். லூமிங் சொன்னபடி வில்மர் பேரைத்தான் எழுதியிருப்பாள். தன் சீட்டோடு அவளுக்கு இரண்டு ஆகிவிடும். முடிந்தது.

மூன்றாவது சீட்டைப் பிரித்த தொகுப்பாளர் புருவத்தைச் சுளித்தார்.

"இன்டாய்னு எழுதியிருக்கு. யாருங்க இது?"

அது நெஸ்டரின் சீட்டு.

முப்பத்து மூன்று நாளில் அவள் பேரை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கரித்துண்டைப் பிடித்த கை, தனக்குத் தெரிந்த பேரை எழுதிவிட்டது. அந்தத் தீவில் அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் ஒரே ஒருவன்.

"பட்டியல்ல அப்படி யாரும் இல்ல. சம்பந்தப்பட்டவங்க ஒத்துக்கிட்டாத்தான் செல்லும். இல்லேன்னா கிழிச்சுப் போட்டுடுவேன்."

லூமிங் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

"நான்தான் சார்," என்றாள்.

சோனாவே நிமிர்ந்து பார்த்தாள். லூமிங் யாரையும் பார்க்கவில்லை. முகத்தில் கோபமில்லை. தப்புச் செய்து அகப்பட்டவளைப்போலத் தலை குனிந்திருந்தாள். அவள் எதற்குக் குனிய வேண்டும் என்று நெஸ்டருக்கு விளங்கவில்லை.

கடைசிச் சீட்டைப் பிரித்ததும் தொகுப்பாளர் சிரித்துவிட்டார்.

"இன்னிக்கு என்ன, எல்லாம் செல்லப்பேராவே வருது? டோடோங்காம். இது யாரு?"

மரவள்ளியைத் தோண்டி முடித்ததும் சோனா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுப் பக்கம் போனது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஊற்றில் லூமிங் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். சோனா இரண்டு பேரிடமும் பேசியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை ஆளுக்கு ஒரு சீட்டாகக் காப்பாற்றியும் இருக்கிறாள், ஒன்று தன் கையால், ஒன்று வில்மர் கையால்.

இப்போது அவன் வாய் திறக்காமல் இருந்தால் போதும். லூமிங்குக்கு இரண்டு, அவனுக்கு ஒன்று. அவள் படகேறுவாள்.

நீலத் தார்ப்பாய் கண்முன் படபடத்தது.

தொகுப்பாளர் சீட்டைக் கிழிக்க இரண்டு கையிலும் பிடித்தார். நெஸ்டர் புருவத்தை உயர்த்தினான்.

"புருவமெல்லாம் செல்லாது. வாயால சொல்லுங்க."

"நான்தான் சார்."

இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் நெருப்புப் போட்டி. முதலில் மூட்டுகிறவர் தங்கலாம், மற்றவருக்குப் படகு.

எதிரெதிரே குந்தினார்கள். இருவர் முன்னாலும் கொஞ்சம் தேங்காய் நார், ஒரு சிக்கிமுக்கிக் கல், ஒரு கத்தி.

"உம் பக்கம் காத்தடிக்குது, டோடோங். கொஞ்சம் திரும்பி உக்காரு," என்றாள் அவள், நிமிராமல்.

அவன் அவளுடைய நாரைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. தன்னுடைய காய்ந்த நாரைப் பிட்டு அவள் பக்கம் தள்ளினான்.

பெரிய பாதியை.

உங்கள் வீட்டுக் கூரை எந்தக் காற்றுக்கும் அசையாமல் நிற்கட்டும், கண்ணுகளா. அதன் கீழே உங்களைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட ஒரு வாயாவது எப்போதும் இருக்கட்டும்.