அடியில் ஓட்டை

அரை மணி நேரமாக மழை கொட்டுகிறது. மாடி பைப்புக்குக் கீழே வைத்த நீல டிரம்மில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட நிற்கவில்லை.

சாய்த்துப் பார்த்தேன். அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை. தானாக விழுந்தது இல்லை. யாரோ கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இறக்கியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நாளைக்கு என் தங்கை வினோதா, பிறந்து ஐந்து நாளான பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்கு வருகிறாள். எங்களுக்கு அம்மா இல்லை. பிள்ளை பெற்றவளை நான்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரோ துரு நாற்றம் அடிக்கும். அவளுடைய மூத்தவனை அதில் குளிப்பாட்டித்தான் உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. இந்தப் பிள்ளைக்கு மழைத் தண்ணீர்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

அதற்காகவே என் வீட்டுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் பழைய டிரம் கடைக்குப் போய் இதை வாங்கி வந்தார். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கம்பெனிகள் கழித்துப் போட்ட டிரம்தான். சோப்புத்தூள் போட்டு நானே தேய்த்துக் கழுவி, வாசலில் கவிழ்த்துக் காய வைத்தேன். துளி வாடை இல்லை.

யார் வேலை என்று யோசிக்கவே தேவையில்லை. பக்கத்து வீட்டு மேரி. குழாயடிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. நேற்று சாயங்காலம் வாசல்வரை வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேன். அந்தக் கோபம்தான், வேறென்ன!

டிரம்மை உருட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் தள்ளினேன்.

"ஏம்மே, நீயெல்லாம் நல்லா இருப்பியா? பச்சப் புள்ளைக்குப் புடிக்கிற தண்ணில வந்து கைய வெச்சிகீறியே! உன் வயித்தெரிச்சல் அடங்கிச்சா?"

தெருவே எட்டிப் பார்த்தது. மேரி மறுக்கவில்லை, திரும்பத் திட்டவும் இல்லை. டிரம்மின் அடியைக் காட்டினாள். ஓட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு சின்ன சிலுவை.

"தண்ணி புடிக்கக் கூடாதுன்னு நான் போட்ட குறி, அக்கா. அந்த கும்மிடிப்பூண்டி கடைக்கு வர்ற டிரம்முங்கள கழுவிக் குடுக்கிறதுதான் என் வேலை. இது ஆசிட் வந்த டிரம்மு. மூணு தபா கழுவியும் எரிச்சல் போவல. கவுத்து வெச்சிருந்தப்ப பாத்துட்டு ஓடியாந்தேன், நீ கதவ சாத்திகினே. நான் இன்னா பண்றது?"

சொல்லிவிட்டுக் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான் விடவில்லை. பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் ரேகையே இல்லை. தோல் உரிந்து, சிவந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

ஐயோ! இதையா அந்தப் பிஞ்சு உடம்பில் ஊற்றப் பார்த்தேன்?

வீட்டுக்குள் ஓடி, பிள்ளைக்குத் தேய்க்க வாங்கி வைத்திருந்த தேங்காயெண்ணெயை எடுத்து வந்தேன். சீல் பிரித்து, அவள் உள்ளங்கையில் ஊற்றினேன்.

எரிகிறதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.