இஸ்திரி மேசையில் ஒரு கொடி

மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை இஸ்திரி மேசைமேல் போட்டிருக்கிறது. அங்கே புதிய நாட்டின் கொடி கசங்கிக் கிடக்கிறது. நாளைக் காலையில் அதை ஏற்ற வேண்டுமாம். இஸ்திரிக்காரி அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறாள். இஸ்திரிப் பெட்டிக்குள் கரி பொரிகிறது. எதிரே, நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த குமாஸ்தா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். “வீட்டுல என்ன மொழிம்மா?” “ரெண்டு. கொஞ்சறதுக்கு என்னோடது, சண்டைக்கு அவரோடது.” மூலையில் துணி மடிக்கும் கணவர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். குமாஸ்தா சிரிக்கவில்லை. “ஒரு நாடு, ஒரு மொழி. தாள்ல கட்டம் ஒண்ணுதான் இருக்கு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.” “ரெண்டையும் எழுதுங்க.” “எழுதினா மேல இருக்கறவங்க உங்க பேரையே அடிச்சிடுவாங்க. பட்டியல்ல பேர் இல்லேன்னா நீங்க இந்த நாட்டு ஆளே இல்ல.”

கொடியின் நடுவில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி நின்றுவிடுகிறது. துணியிலிருந்து முதலில் ஆவி எழுகிறது. பிறகு லேசாகத் தீயும் வாசனை. “அம்மா, கொடி, கொடி!” குமாஸ்தா பதறி எழுந்ததில் தாள்கள் தரையில் சிதறுகின்றன. அவள் கை அசையவில்லை. வியர்வை வழியும் முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்க்கிறாள்.

“கட்டம் சின்னதுன்னா என் நாக்கையா வெட்டறது? ரெண்டையும் எழுதுங்க. பெட்டியை எடுக்கறேன்.”