புலுட்டின் ஜன்னல்

மெர்போக் சாலையோரம், செம்பனை நிழலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிரேமாவதிதான் நிறுத்தச் சொன்னாள். முதுகிலிருந்த பூனைப் பையைக் கழற்றி இருக்கையில் வைக்கிறாள். சட்டையில் பட்டைபட்டையாக வியர்வை. இதை வாங்கிய கடையில் வலை வைத்த பையும் இருந்தது. பூனை புலுட் வேடிக்கை பார்க்கட்டும் என்று வட்டமான பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள இதை எடுத்தாள். கனமான பூனை என்று பெரிய அளவாகவே கேட்டு வாங்கினாள். அது போன மாதம். இப்போது புலுட் தீனியைத் தொடுவதே இல்லை. "வெயிட்டே தெரியலடா தம்பி. காலிப் பைய மாட்டுன மாதிரி இருக்கு." எதிர்க்காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி ஓட்டி வந்த விக்னேஸ்வரன் குனிந்து பார்க்கிறான். ஜன்னலின் உட்புறம் ஆவி படிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடப்பது மட்டும் தெரிகிறது. "தூங்குதுக்கா. மிருக டாக்டர் கிளினிக் கிட்டத்துலதான் லா." அவள் முகம் தெளியவில்லை. அவன் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, கைக்குட்டையை உள்ளே விட்டு, ஆவியைச் சுத்தமாகத் துடைக்கிறான். "இப்பப் பாரு, நல்லாத் தெரியுது." புலுட் அரைக்கண் மூடிக் கிடக்கிறது. அசைவில்லை. "ஏன்டா தொடச்ச? அது மூச்சு விடறது அதுலதானடா தெரிஞ்சுச்சு!" லாரி ஒன்று கடக்கிறது, பை குலுங்கி அடங்குகிறது. கையை விட்டுத் தொட்டுப் பார்க்க இருவருக்கும் துணிவில்லை. அவன் அவசரமாக ஜிப்பை மூடுகிறான். தலையோடு தலை இடிக்கக் குனிந்து, பளிச்சென்றிருக்கும் அந்த ஜன்னலில் மறுபடி ஆவி படியக் காத்திருக்கிறார்கள்.