கடைசி வார்த்தை

"அம்மா!"

ஆம்புலன்ஸின் பின்பக்கத்திலிருந்து அந்தக் குரல் மறுபடியும் வந்தது. இருபது வயதுப் பையனின் குரல், லேசான கரகரப்போடு. முன்சீட்டில் இருந்த உதவியாளர் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது.

"மறுபடியுமா அண்ணே?" என்றான் டிரைவர். "எட்டு மாசமாச்சு. பாஸ்டர்கிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்."

சொல்ல வெட்கமாக இருந்தது. லாரி மோதிய பையனை ஆஸ்பத்திரி வரை கையைப் பிடித்தபடி கொண்டுவந்தவர் இவர்தான். வழியிலேயே உயிர் போய்விட்டது. வராந்தாவில் ஓடி வந்த தாய், "கூட இருந்தீங்களா தம்பி?" என்று மட்டும்தான் கேட்டார்.

"இருந்தேன்மா. கடைசியா 'அம்மா'ன்னு கூப்பிட்டான்" என்று தானாக வாயில் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான்; சீனியர்கள் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் பையன் வாயே திறக்கவில்லை.

அந்தம்மா இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இவருடைய இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இவருடைய சபைக்கே வர ஆரம்பித்துவிட்டார். ஞாயிறுதோறும் எழுந்து நின்று, "என் பிள்ளை கையைப் பிடிச்சிருந்த தம்பியை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று ஜெபிப்பார். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார். பொய்யோடு தொட மனம் வராததால், எட்டு மாதமாகத் திருவிருந்துப் பாத்திரம் இவரைத் தாண்டியே போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் பாஸ்டரிடம் கொட்டித் தீர்த்தார். பாஸ்டர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"பொய்யை மடியில கட்டிக்கிட்டு நீ வளர முடியாதுப்பா. ஆனா யார் மனசு லேசாகணும்னு இந்த உண்மையைச் சொல்லப் போறே? உன்னோடதா, அவங்களோடதா?"

அந்தம்மாவிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் எதை வைத்துக்கொண்டு வாழ்வார்? பயமாக இருந்தது. ஆனாலும் ஞாயிறு மதியம் அந்தம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

அழைப்பு மணியை அழுத்தினார். மணி அடித்த அதே நொடி, ஜன்னலுக்குள் ஒரு சிவப்பு பல்பு மினுக்மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஒயரிங் கோளாறு போலும்.

"வாங்க தம்பி, உட்காருங்க."

உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே ஆரம்பித்தார். "அம்மா, கையைப் பிடிச்சிருந்தது நெஜம். அவன் கடைசிவரைக்கும் என் கையை விடல, அதுவும் நெஜம். ஆனா 'அம்மா'ன்னு கூப்பிடல. நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தார். அந்தம்மா நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

"தெரியும் தம்பி. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்மா ஒண்ணும் கேக்கல?"

"உங்க சட்டை பூரா என் பிள்ளை ரத்தம். அதைத் துடைக்காமக்கூட நிக்கிறீங்க. உங்களைப் போய்ப் பொய்யன்னு எப்படிச் சொல்றது?"

இவருக்குத் தாங்கவில்லை. "அந்தப் பொய்யே என்னைத் துரத்துதும்மா. வண்டியில ஏறினா பின்னாலேருந்து அவன் குரல் கேக்குது. 'அம்மா'ன்னு கூப்பிடறான்."

அந்தம்மாவின் முகம் மாறியது. இவர் கையை இறுகப் பற்றிக்கொண்டு, பசித்தவர் போலக் கேட்டார். "எப்படி இருக்கும் தம்பி அவன் குரல்?"

"என்னம்மா இது, உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? என் பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராதே."