கழுத்துப் பட்டையில் பச்சை விளக்கு

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் மனப்பாடத்தை ஒழிக்க இயந்திரம் வந்துவிட்டது. பிடித்த உணவைப் பற்றிப் பேசுகிறவரின் வாயில் எச்சில் ஊறுகிறதா என்று கழுத்துப் பட்டை பார்க்கும். ஊறினால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு.

தூத்துக்குடி நர்ஸ் ஜெனோவா, பயிற்சி மைய மாஸ்டர் எழுதிக்கொடுத்த பீட்சாவைப் பிசிறில்லாமல் ஒப்பித்தாள். சிவப்பு. இன்னும் ஒரே வாய்ப்புதான் என்றது இயந்திரம்.

பீட்சாவை அவள் தின்றதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தணலில் சுட்ட சாளைக் கருவாட்டையும், அதைக் கடித்துக்கொண்டு சாப்பிடும் பழைய சோற்றையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். இலக்கணம் அங்கங்கே இடறியது, அவள் நிற்கவில்லை. பச்சை எரிந்தது, கடைசிவரை அணையவுமில்லை.

வாசலில் மாஸ்டர் காத்திருந்தார். "பாஸாமே. பீட்சாதான சொன்ன?"

"இல்ல சார். கருவாடு."

"வெள்ளைக்காரன் பரீட்சைல போயி கருவாடா? மானமே போச்சு. அப்படி என்னத்தம்மா சொன்ன?"

அவள் நிமிர்ந்து நின்று, உள்ளே சொன்னதை அதே ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள். பாதியிலேயே மாஸ்டர் எச்சில் விழுங்கினார்.

அவர் கழுத்தில் பட்டை இல்லை. ஜெனோவாவுக்கு அது தேவைப்படவுமில்லை.