தாண்டாதவள்

ஆட்டுப்பட்டி வாசலில் குறுக்கே ஒரு கழி கிடந்தது. ஆடுகள் அதைத் தாண்டித்தான் உள்ளே போகும். கழியைக் கறையான் தின்று தீர்த்த பிறகும், அந்த இடம் வந்ததும் எல்லா ஆடுகளும் துள்ளித் தாண்டின.

கருஞ்செவி என்ற பெட்டையாடு மட்டும் ஒருநாள் பேசாமல் நடந்து போனது.

"ஏன்டி தாண்டலை?" என்றது கிழட்டுக் கிடா.

"அங்கேதான் ஒண்ணும் இல்லையே."

"இல்லாட்டி என்ன? நாங்கள்லாம் தாண்டலையா?"

அன்றிலிருந்து அதற்குத் 'தாண்டாதவள்' என்று பேர் விழுந்தது. மார்கழிக் குளிரில் மற்றவை ஒட்டிப் படுக்க, கருஞ்செவி வேலிப் படலோரம் தனியே விறைத்துக் கிடந்தது. குட்டிகளுக்கு அந்தப் பேர் வசவாகிப் போனது. அது ஏன் வசவு என்று கேட்டால் தாய்களுக்கே சொல்லத் தெரியவில்லை. தாண்டித் தொலைத்துவிடலாமா என்றுகூட கருஞ்செவி நினைத்ததுண்டு. வாசலுக்கு வந்ததும் கால் எழும்பாது.

ஒரு சாயங்காலம் அது முதலில் வந்து தன் மூலையில் படுத்துவிட்டது. வாசலில் கிடா கத்தியது. "அடியே, தாண்டாதவளே!"

பழக்கத்தில் கருஞ்செவி தலையைத் தூக்கியது. கிடா இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வாசலில் ஒரு பெட்டைக்குட்டி, நாலு காலும் மண்ணில் பதிய நடந்து வந்துகொண்டிருந்தது.

அந்தப் பேர் தனக்கு மட்டுந்தான் என்று கருஞ்செவி இத்தனை காலம் நினைத்திருந்தது. மெல்லப் படலை ஒட்டி நகர்ந்து, இன்னோர் உடம்புக்கு இடம் விட்டது.